தோட்டாக் கூடு கூறும் சாட்சியம்



துப்பாக்கியொன்று வெடித்ததும் இரு பொருள்கள் பிரிகின்றன. ஒன்று, பறந்து செல்லும் ஈயக் குண்டு. மற்றையது, சுட்டவன் நின்ற இடத்திலே விழும் வெற்றுத் தோட்டாக் கூடு. குண்டு எங்கே பாய்ந்தது என்பதை முன்னது கூறும். சுட்டவன் எங்கே நின்றான் என்பதைப் பின்னது கூறும். மண்ணுள் நூறாண்டு கிடந்தாலும் இச்சாட்சியம் மாறுவதில்லை.

இதற்கோர் உதாரணம் அமெரிக்காவின் மொன்ரானா மாநிலத்திலே கிடைக்கின்றது. 1876 ஆம் ஆண்டு ஜூன் 25 ஆம் நாள், லிற்றில் பிக்ஹோர்ண் ஆற்றங்கரையிலே, தளபதி கஸ்ரரும் அவருடன் நின்ற ஏறக்குறைய 210 பேரும் மாண்டனர். அவர்களுள் உயிர்தப்பிக் கதை சொல்ல எவருமில்லை. எதிர்த்து நின்ற லக்கோட்டா, செயென் குடியினர் தாம் கண்டதைக் கூறினர். அவர்கள் சொல்லை ஏற்றோர் சிலரே. குன்றின்மீது இறுதிவரை அணிகுலையாது நின்ற வீரர் எனும் கதையே நிலைபெற்றது.

1983 இல் காட்டுத்தீ அப்போர்க்களத்துப் புல்லை எரித்தது. அடுத்த ஆண்டே டக்ளஸ் ஸ்கொற், றிச்சட் பொக்ஸ் முதலிய ஆய்வாளர் உலோகம் காட்டும் கருவிகளுடன் களமெங்கும் தேடலாயினர். கண்ட பொருளை உடனே எடுத்துவிடாது, முதலில் கொடி நாட்டி இடத்தை அளந்து குறித்தனர்.

பின்னர் இனங்காணல் நிகழ்ந்தது. ஸ்பிறிங்பீல்ட் துப்பாக்கியின் குழலுள் மூன்று வரிப்பள்ளங்கள் உண்டு. அவற்றின் தடம் குண்டிலே பதியும். ஹென்றி துப்பாக்கியின் ஊசியோ தோட்டாவின் விளிம்பை எதிரெதிரே ஈரிடங்களில் தட்டும். இராணுவக் கூடுகளின் அடியிலே மாதமும் ஆண்டும் பொறிக்கும் வழக்கம் 1877 இலேதான் தொடங்கியது. ஆதலால் அத்தகைய பொறிப்புடைய கூடு அங்கே கிடைப்பின், அது போருக்குப் பின் எவரோ சுட்டது என்பது தெளிவு.

இதனினும் நுட்பமானது ஒன்றுண்டு. ஊசியின் தடம் துப்பாக்கிக்குத் துப்பாக்கி வேறுபடும். உருப்பெருக்கியின் கீழ் இரு கூடுகளை ஒப்பிட்டு, ஒரே துப்பாக்கி எங்கிருந்து எங்கே நகர்ந்தது என ஆய்வாளர் கண்டறிந்தனர். சிப்பாய்களிடம் ஒவ்வொரு முறையும் தோட்டா இட்டுச் சுடும் துப்பாக்கியே இருக்க, எதிர்த்தோருட் பலரிடம் தொடர்ந்து சுடும் ஹென்றித் துப்பாக்கிகள் இருந்தமை புலனாயிற்று. இறுதிக் குன்றிலே சிப்பாய்களின் கூடுகள் சிலவே கிடைத்தன. அணி விரைவிலே குலைந்தது என்ற குடியினரின் கூற்றுடன் இது பொருந்துவதாக, 1993 இல் வெளியான தமது நூலிலே பொக்ஸ் வாதிட்டார். ஒரு நூற்றாண்டாகப் புறக்கணிக்கப்பட்டோர் சொல்லுக்கு மண் துணை நின்றது!

நேயர்களே, அக்கூடுகளுக்கு மதிப்பளித்தது செம்பு அன்று. அவை கிடந்த இடமே. நினைவுப் பொருளென்று எவரோ முன்னரே பொறுக்கிச் சென்றவை இன்று வெறும் செப்புத் துண்டுகள். அவை எந்த உண்மைக்குச் சாட்சியாக இருந்திருக்கும் என்பதை இனி அறிய வழியில்லை.

இன்னுமொன்று: வெடியாத தோட்டா எத்துணை பழையதாயினும் ஆபத்தானதே. மண்ணில் அத்தகையது தென்படின் தொடாதீர்கள், தட்டிப் பார்க்காதீர்கள். இடத்தை அடையாளமிட்டு, விலகி நின்று, பொலிசாருக்கு அறிவியுங்கள். உயிரும் காக்கப்படும், உண்மையும் காக்கப்படும்.