தராசும் சுவையும்

டிக்கோயாவின் கொழுந்து மடுவத்துத் தராசு எடையை மட்டுமே காட்டும். சுவையோ தேநீராக்கிப் பருகிய பின்னரே விளங்கும். மாணவர் ஆற்றலும் அத்தகையதே.

இலங்கையில் 2001 முதல் பல்கலைக்கழக அனுமதிக்கு இசட் புள்ளி பயன்படுகிறது. ஒரு பாடத்தின் சராசரியிலிருந்து மாணவரின் புள்ளி விலகிநிற்கும் அளவை, நியம விலகலால் வகுத்துப் பெறுவது அது. உடன் எழுதினோரிடையே அவர் நிற்கும் இடத்தை அது சொல்லும். அவர் எதனைச் செய்ய வல்லவர் என்று சொல்லாது.

அதனைச் சொல்லவே 2012இல் இலங்கைத் தகைமைச் சட்டகம் வந்தது. மட்டங்கள் வகுத்து, அறிவிலும் திறனிலும் மனப்பாங்கிலும் எய்தவேண்டியவற்றை அது வரையறுத்தது. ஆயினும் பரீட்சை மனனத்தையே கேட்குமாயின், அச்சட்டகம் ஏட்டுச் சுரைக்காயே.

நுவரெலியா மாவட்ட வெட்டுப்புள்ளியில் நுழைந்த தோட்டத்துப் பிள்ளை, பட்டம் பெறும் நாளிலும் பழைய எடையாலேயே மதிக்கப்படலாமோ? ஆராய்ந்து எழுதவும், வாதிக்கவும், செய்துகாட்டவும் வைத்து அளப்பதே முறை. மடுவத்துத் தராசு சுவையறியாதன்றோ?