படைவீரர் வீட்டுப் பிள்ளைகளும் தாய்மொழியும்



திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், நெய்யாற்றின்கரையைக் கடந்து பாறசாலையை அடைந்தால் கேரள நாட்டின் தென்கோடிக்கு வந்துவிட்டோம் என்று பொருள். அடுத்து வருவது களியக்காவிளை. அது தமிழ்நாட்டைச் சேர்ந்த கன்னியாகுமரி மாவட்டம். பாறசாலைக்கு வடகிழக்கே, ரப்பர்த் தோட்டங்களுக்கும் வாழை, மரவள்ளிப் பயிர்களுக்கும் நடுவே காரக்கோணம் என்னும் ஊர் இருக்கின்றது. இன்று அங்கே ஒரு மருத்துவக் கல்லூரி உண்டு. அது டாக்டர் சோமர்வெல் அவர்களின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. 1922லும் 1924லும் எவரெஸ்ட் சிகரத்தை நோக்கிச் சென்ற குழுக்களில் ஒருவராயிருந்து, பின்னர் நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் பல்லாண்டு பணிபுரிந்தவர் அவர். முதல் உலகப் போரில் பட்டாளத்து மருத்துவராய் இருந்தவர் என்பதும் இன்றைய பேச்சுக்கு ஒருவகையில் பொருந்துவதே.

நெய்யூர் இன்று தமிழ்நாட்டில்; காரக்கோணம் கேரளத்தில். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றது. கோடு நடுவே விழுந்ததேயன்றி, இருபுறத்து மக்களின் பெண் கொடுத்தலும் கொள்வதும், சந்தைக்குச் செல்வதும் நின்றுவிடவில்லை. வீட்டில் புழங்கும் பேச்சில் தமிழும் மலையாளமும் கலந்தே வரும். எந்தச் சொல் எந்த மொழியினுடையது என்று அவ்வீட்டுப் பாட்டியைக் கேட்டால் அவருக்குச் சிரிப்புத்தான் வரும்.

இத்தகைய எல்லைப்புற ஊர்களிலிருந்து படையில் சேர்வது புதிதன்று. திருவிதாங்கூர் மன்னரின் படையணிகள், நாடு விடுதலை பெற்றபின் இந்தியப் படையோடு இணைக்கப்பெற்று மதராஸ் ரெஜிமெண்டின் பட்டாலியன்களாயின. அதன் ஒன்பதாவது பட்டாலியனுக்குத் திருவிதாங்கூர் என்னும் அடைமொழி இன்றும் உண்டு. திருவனந்தபுரத்தில் பாங்கோடு இராணுவ நிலையத்திலுள்ள பெரிய விளையாட்டுத் திடலுக்குக் குளச்சல் திடல் என்று பெயர். 1741இல் டச்சுக்காரரைத் திருவிதாங்கூர்ப் படை வென்ற குளச்சலோ கன்னியாகுமரிக் கடற்கரையில் இருக்கின்றது. மாநில எல்லையைப் படையின் நினைவு பொருட்படுத்துவதில்லை போலும்.

படைவீரர் வீட்டுப் பிள்ளை எங்கே வளர்கின்றது, எப்படிப் படிக்கின்றது, எதைப் பெறுகின்றது, எதை இழக்கின்றது என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள். பிற மாநிலங்களில் வாழும் உங்களிடம் இதைப் பேசுவதற்கு ஒரு காரணமும் உண்டு. அதனைப் பின்னர்ச் சொல்லுவோம்.

அரசாணைகளைத் தமிழாக்கும் பணியிலுள்ள எங்களுக்கு ஒரு சொல் எப்பொழுதும் இடறும். படைவீரரின் மனைவி மக்களை ஆணைகள் 'டிபெண்டெண்ட்' என்று குறிக்கும். சார்ந்தோர் என்று எழுதி மேலே செல்வோம். ஆனால் யார் யாரைச் சார்ந்திருக்கின்றார்? தகப்பனுக்கு மாற்றல் உத்தரவு வந்தவுடன் வீட்டுச் சாமான்களைப் பெட்டியில் அடைத்து, தோழரை விட்டு, பாதியில் நின்ற பாடத்தை விட்டு ரயிலேறும் பிள்ளையும் அந்தப் பணியில் ஒரு பங்கைச் சுமக்கவே செய்கின்றது. அதற்குச் சம்பளப் பட்டியலில் இடமில்லை, அவ்வளவே வேறுபாடு.

பட்டாளத்துக்காரர் வீடுகளில் இரண்டு சொற்கள் அடிக்கடி அடிபடும். ஒன்று பீஸ், மற்றொன்று பீல்டு. பீஸ் ஸ்டேஷன் கிடைத்தால் குடும்பத்தை உடன் அழைத்துச் செல்லலாம். பீல்டு என்றால் குடும்பம் ஊருக்குத் திரும்பவேண்டும், அல்லது வேறு நிலையத்தில் தனித்திருக்க வேண்டும். ஆகவே காரக்கோணத்துப் பிள்ளையொன்று ஒன்றாம் வகுப்பை அம்பாலாவிலும், நான்காம் வகுப்பைப் பாட்டி வீட்டிலும், ஆறாம் வகுப்பைச் செகந்திராபாத்திலும், ஒன்பதாம் வகுப்பை ஜபல்பூரிலும் படிக்க நேர்வது புதுமையன்று.

இதற்குப் பரிகாரம் தேடிய வரலாறு நீண்டது. ஆங்கிலேயர் காலத்தில் பட்டாளத்துப் பிள்ளைகளுக்கென எழுந்த பள்ளிகள் பெரும்பாலும் ஆதரவற்றோர் விடுதிகளின் இயல்புடையவை. நீலகிரியில் லவ்டேலிலுள்ள லாரன்ஸ் பள்ளி 1858இல் அவ்வாறுதான் தொடங்கியது. அதுவும் பிரிட்டிஷ் சிப்பாய்களின் மக்களுக்காக. இந்தியப் படைவீரரின் புதல்வர்களுக்கென்று பின்னர் ஏற்பட்ட பள்ளிகளுள் சைல், அஜ்மீர், பெல்காம், பெங்களூர் ஆகிய இடங்களிலுள்ளவை இன்று இராஷ்டிரிய இராணுவப் பள்ளிகள் என வழங்குகின்றன. 1961 முதல் சைனிக் பள்ளிகள் தோன்றலாயின. கேரளத்தின் கழக்கூட்டத்தில் ஒன்றும், தமிழ்நாட்டில் உடுமலைப்பேட்டைக்கருகே அமராவதி நகரில் ஒன்றும் 1962இல் ஏற்பட்டன. இப்பள்ளிகளில் பெண் பிள்ளைகள் சேர்வதற்கு அறுபதாண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று என்பது வருந்தத்தக்க செய்தி. 2018இல் மிசோரத்தில் சோதனையாகத் தொடங்கி, 2021-22ஆம் கல்வியாண்டில்தான் எல்லாச் சைனிக் பள்ளிகளின் கதவும் அவர்களுக்குத் திறந்தது.

எல்லைப்புற ஊர்க்காரர் சைனிக் பள்ளி விஷயத்தில் அறியவேண்டியது ஒன்றுண்டு. ஒவ்வொரு பள்ளியிலும் நூற்றுக்கு 67 இடங்கள் அப்பள்ளி அமைந்த மாநிலத்துப் பிள்ளைகளுக்கு உரியவை. ஏனையவை பிற மாநிலத்தாருக்கு. இவ்விரு பகுப்பினுள்ளும் படையினரின் மக்களுக்கு ஒரு பங்கு ஒதுக்கப்படுகின்றது. பாறசாலையிலிருந்து கழக்கூட்டம் ஐம்பது கிலோமீட்டருக்கு மேற்படாது. களியக்காவிளைப் பிள்ளைக்கும் அதுவே அருகிலுள்ள பள்ளி. ஆனால் தமிழ்நாட்டவன் என்னும் முறையில் அவனுக்குரிய பள்ளியோ மலைக்கு அப்பால், பல நூறு கிலோமீட்டர் தொலைவில். விண்ணப்பத்தில் எந்த மாநிலத்தை எழுதுவது என்பதை இவ்வூர்ப் பெற்றோர் தேர்வுக்கு முன்பே நன்கு ஆராய்ந்து முடிவு செய்தல் வேண்டும்.

ஆனால் விடுதிப் பள்ளிகள் எத்தனை பேருக்கு இடமளிக்கும்? குடும்பத்தோடு ஊர் ஊராய்ச் செல்லும் பெருந்தொகையினருக்கு உண்மையில் கைகொடுத்தது மத்தியப் பள்ளித் திட்டமே. இரண்டாவது ஊதியக் குழுவின் பரிந்துரையை ஏற்று 1962இல் அரசு இதற்கு ஒப்புதல் அளித்தது. அடுத்த ஆண்டே, படைப்பிரிவுகள் தாமே நடத்திவந்த 20 ரெஜிமெண்டல் பள்ளிகளை ஏற்றுத் திட்டம் தொடங்கியது. அவைதாம் இன்றைய கேந்திரீய வித்யாலயங்களின் வேர்கள். இப்பொழுது 1,200க்கும் மேற்பட்டவை நாடெங்கும் உள்ளன; பாங்கோட்டிலும் ஒன்றுண்டு. சேர்க்கையில், பெற்றோர் கடந்த ஏழாண்டுகளில் எத்தனை முறை மாற்றப்பட்டார் என்பதைக் கணக்கிட்டு முன்னுரிமை தருகின்றார்கள். பிள்ளையின் அலைச்சலையே தகுதியாகக் கொண்ட இவ்விதியை வகுத்தவர் நல்ல உள்ளம் படைத்தவராயிருத்தல் வேண்டும். 1983இல் நிறுவப்பெற்ற படைத்துறை நலக் கல்விச் சங்கத்தின் ஆர்மி பப்ளிக் பள்ளிகளும் இதே பணியைச் செய்கின்றன.

பள்ளிக்கு வெளியே நேஷனல் காடெட் கோர் இருக்கின்றது. 1948இல் சட்டத்தால் அமைந்த இவ்வணியில் அணிவகுப்புக் கட்டளைகள் நாடெங்கும் இந்தியிலேயே உள்ளன. 'சாவ்தான்' என்றால் காரக்கோணத்திலும் குதிகால் சேரும், அம்பாலாவிலும் சேரும். புது ஊருக்கு வந்த பிள்ளை வகுப்பறையில் ஒரு திங்கள் வாய் திறவாமல் இருந்தாலும், அணிவகுப்புத் திடலில் முதல் நாளே மற்றவரோடு காலெடுத்து வைத்துவிடுகின்றது. அந்நியம் என்னும் உணர்ச்சி அங்கேதான் முதலில் கரைகின்றது என்று நாம் பல குடும்பங்களில் கேட்டிருக்கின்றோம்.

பண உதவிகளைச் சுருங்கச் சொல்லுவோம். முன்னாள் படைவீரரின் மக்கள் தொழிற்கல்விப் பட்டப்படிப்பில் சேர்ந்தால், 2006-07இல் தொடங்கிய பிரதமர் உதவித்தொகைத் திட்டத்தின்கீழ் ஆண்டுதோறும் 5,500 பேருக்கு உதவி கிடைக்கின்றது. ஆண்களுக்கு மாதம் 2,500 ரூபாய், பெண்களுக்கு 3,000 ரூபாய். ஹவில்தார் பதவி வரையில் இருந்தோரின் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனியே கல்வி மானியம் உண்டு. அதை மாதம் 1,000 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாக உயர்த்த 2025 அக்டோபரில் ஒப்புதல் அளிக்கப்பட்டது. போரில் உயிர்நீத்தோரின் மக்களுக்கு உரிய கல்விச் சலுகைக்கு 2017இல் மாதம் 10,000 ரூபாய் என்று உச்சவரம்பு விதித்தார்கள். எதிர்ப்பு எழவே மறு ஆண்டு அதை நீக்கினார்கள். நீக்கியது நன்று, விதித்திருக்கவே வேண்டாம். இவை குறித்து விசாரிக்க, நெய்யாற்றின்கரைத் தாலுகாவினர் திருவனந்தபுரத்திலுள்ள மாவட்டப் படைவீரர் நல அலுவலகத்திற்கும், எல்லைக்கு அப்பால் வீடிருப்போர் நாகர்கோவில் அலுவலகத்திற்கும் செல்லவேண்டும். அண்ணன் தம்பி இருவர் ஒரே பட்டாலியனில் பணிபுரிந்து, எல்லைக்கு இருபுறமும் வீடு கட்டியிருந்தால், ஒருவர் மலையாளத்திலும் மற்றவர் தமிழிலும் விண்ணப்பம் எழுத நேரும்!

இவ்வளவும் பெறுகின்ற பிள்ளை இழப்பது எது? புத்தகம் எங்கும் ஒன்றாயிருக்கின்றது; தேர்வும் ஒன்றாயிருக்கின்றது; அணிவகுப்பும் ஒன்றாயிருக்கின்றது. ஊருக்கு ஊர் ஒன்றாய் இருக்க இயலாதது தாய்மொழி ஒன்றே. அதனால் அது பெட்டியில் இடம்பெறாமல் போய்விடுகின்றது. கேந்திரீய வித்யாலயங்களில் குறிப்பிட்ட தொகையினர் விரும்பினால் பகுதிநேர ஆசிரியரைக் கொண்டு தாய்மொழி கற்பிக்கலாம் என்னும் விதி உண்டு. ஆனால் வடநாட்டு நிலையமொன்றில் ஒரே வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை பேர் இருப்பர்? எண்ணிக்கை சேர்வதற்குள் இருவரின் தகப்பனாருக்கு மாற்றல் வந்துவிடும்.

காரக்கோணம் போன்ற ஊர்ப் பிள்ளைக்கு இவ்விழப்பு இருமடங்காகும். கன்னியாகுமரிப் பக்கம் திரும்பினால் 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் உள்ளது. கேரளப் பக்கம் திரும்பினால் 2017ஆம் ஆண்டின் மலையாளம் கற்றல் சட்டம் உள்ளது. தத்தம் மொழியைக் காக்க எழுந்த இச்சட்டங்களை நாம் குறை கூறவில்லை. ஆனால் எட்டாம் வகுப்பில் ஊர் திரும்பும் படைவீரர் மகள், பாட்டியோடு இரு மொழியிலும் சரளமாகப் பேசுவாள். எழுதவோ ஒரு மொழியிலும் வராது. விடுமுறையில் வந்த பேத்தியிடம், தாத்தாவின் பழைய கடிதக் கட்டைப் படித்துக் காட்டச் சொன்னால், அவள் அதைக் கையில் வாங்கி உறையிலுள்ள ஆங்கில முகவரியை மட்டும் படிப்பாள். இதைக் கண்டு வெதும்பாத பெரியவர் அப்பக்கத்தில் இலர்.

பிற நாட்டார் செய்ததில் நமக்கு உதவுவது ஒன்றுண்டு. அமெரிக்க நாட்டில் கல்வி ஒவ்வொரு மாநிலத்திற்கும் உரியது. பட்டாளத்துப் பிள்ளை மாநிலம் மாறுந்தோறும் வயது விதி, பாடத்திட்டம், தேர்ச்சி விதி யாவும் மாறிப் பெருந்தொல்லையாயிற்று. ஆகவே மாநிலங்கள் தமக்குள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. 2014இல் ஐம்பது மாநிலங்களும் அதில் சேர்ந்து முடிந்தன. அதன் உயிர்நாடி மிக எளியது. பழைய பள்ளி, பிள்ளையின் கல்விப் பதிவைத் தாமதமின்றி அனுப்பவேண்டும்; புதிய பள்ளி, அதை ஏற்று, விட்ட இடத்திலிருந்து தொடரச் செய்யவேண்டும். அங்கே அரசுகள் செய்ததைத் தாய்மொழி அளவில் நம்மவர் சங்கங்களே செய்துவிடலாம்.

உங்களிடம் இதைப் பேசும் காரணம் இதுவே. பூனாவிலும், செகந்திராபாத்திலும், ஜபல்பூரிலும், தில்லியிலும் பட்டாளக் குடியிருப்புக்கு அருகே வாழ்பவர்கள் நீங்கள். தில்லித் தமிழர் தம் கல்விக் கழகத்தின் வாயிலாக ஏழு பள்ளிகள் நடத்துவது நீங்கள் அறிந்ததே. அத்துணைப் பெரிய முயற்சி எல்லா ஊருக்கும் இயலாது. ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம் தமிழ் வகுப்பு நடத்துவது பல சங்கங்களுக்கு இயலும். சில இப்பொழுதே நடத்துகின்றன. ஆயினும் அவ்வகுப்புகள் ஜூனில் தொடங்கி மார்ச்சில் முடியும் ஆண்டுப் பாடமாகவே பெரும்பாலும் அமைகின்றன. நவம்பரில் மாற்றலாகி வரும் படைவீரர் பிள்ளைக்கு அங்கே வாயில் அடைபட்டிருக்கும். வகுப்பை ஆண்டு என்று பிரியாமல், படி என்று பிரித்தல் வேண்டும். எழுத்தறிதல் ஒரு படி. சொற்கூட்டிப் படித்தல் ஒரு படி. கடிதம் எழுதுதல் ஒரு படி. எந்த மாதம் வந்தாலும் பிள்ளை தனக்குரிய படியில் ஏறிக்கொள்ளலாம். பாடத்திற்கு அலையவேண்டியதில்லை. 2001இல் தமிழ்நாட்டரசு நிறுவிய தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்கள், கைப்பேசி வைத்திருக்கும் எவர்க்கும் எட்டுவனவே.

பிள்ளை ஊரைவிட்டுச் செல்லும்போது சங்கம் ஒரு சிறு சீட்டுக் கொடுக்கவேண்டும். பெரிய சான்றிதழ் தேவையில்லை. ஓர் அஞ்சலட்டை அளவு போதும். பிள்ளையின் பெயர், எந்தப் படி வரை வந்தது, எந்த எழுத்துகளில் இன்னும் தடுமாறுகின்றது, கடைசியாகப் படித்த பாடம் எது, அடுத்த ஊரில் தொடர்புகொள்ள வேண்டிய தமிழ்ச் சங்கம் எது என்னும் ஐந்து வரிகள். ஜபல்பூர் ஆசிரியை 'ழகரம் இன்னும் வரவில்லை' என்று எழுதியிருந்தால், பெங்களூரிலிருப்பவர் அங்கிருந்தே தொடங்கிவிடுவார்.