தகப்பன் தொழிலுக்கு 5 விழுக்காடு வட்டி

(மாணவர் வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



வேலையில்லாத இளைஞர்களுக்கு அரசு என்ன செய்கிறது என்று பேசச் சொன்னார்கள். ரூபாய்க் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். தமிழ்நாட்டில் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை என்று ஒன்று இருக்கிறது. பத்தாம் வகுப்பில் தவறியவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, பன்னிரண்டு முடித்தவருக்கு 400, பட்டதாரிக்கு 600. இதை வாங்க வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து 5 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். நடுவில் பதிவைப் புதுப்பிக்கத் தவறியிருக்கக் கூடாது. குடும்ப ஆண்டு வருமானம் 72,000-ஐத் தாண்டக் கூடாது. 3 ஆண்டு கொடுப்பார்கள், அவ்வளவுதான்.

200 ரூபாய் என்றால் ஒரு நாளைக்கு 7 ரூபாய்கூட இல்லை. ஆனால் எனக்குத் தொகையைவிட அந்த 5 ஆண்டுதான் உறுத்துகிறது. மாதம் 6,000 ரூபாய்க்குள் பிழைக்கிற ஒரு வீட்டில், 18 வயதுப் பையன் 23 வயது வரை வேலை இல்லாமல் காத்திருப்பானா? முடியாது. சென்ட்ரிங் வேலைக்குப் போவான், பெயிண்ட் அடிப்பான், திருப்பூருக்கு பஸ் ஏறுவான், கல்யாண வீட்டில் பரிமாறுவான். கள ஆய்வுக்குப் போன ஒரு காலனியில், "வேலையில்லாம இருக்கீங்களா தம்பி?" என்று கேட்டேன். "வேலையில்லாம இருக்க எங்க வீட்ல வசதி இல்லண்ணா" என்றான். பி.ஏ. முடித்தவன். அன்று மூட்டை தூக்கிவிட்டு வந்திருந்தான்.

வேலையில்லாமல் இருப்பதற்கே இரண்டு ஏக்கர் நிலமோ அப்பாவின் அரசுச் சம்பளமோ வேண்டியிருக்கிறது. அதில்லாதவன் கிடைத்த கூலிக்குப் போய்விடுகிறான். போனதும் அவன் படிப்பு துருப்பிடிக்கிறது. ஆக, உதவி தேவைப்படுவது முதல் ஆறு மாதத்தில். நம் விதியோ ஆறாவது ஆண்டில் கையெழுத்துப் போடச் சொல்கிறது. (ஆய்வு மாணவர்கள் பலருக்கு மாதாமாதம் உதவித்தொகை வருகிறது. அதை யாரும் இலவசம் என்று கேலி பேசுவதில்லை என்பதையும் கவனியுங்கள்.)

உரிய நேரத்தில் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு உதாரணமும் இங்கேயே இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்து மேலே படிக்கிற பெண்களுக்கு 2022 முதல் புதுமைப்பெண் திட்டத்திலும், ஆண்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் தருகிறார்கள். ஐ.டி.ஐ.யில் படிப்பவர்களுக்கும் உண்டு. பஸ் செலவுக்கும் மதியச் சோற்றுக்கும் ஆகிற காசு, படிக்கிற மாதத்திலேயே கைக்கு வருகிறது. அதனால் இதை நான் ஆதரிக்கிறேன்.

அடுத்தது பயிற்சி. என்ன தொழிலில் பயிற்சி என்ற கேள்வியைச் சாதியைத் தள்ளி வைத்துவிட்டு இந்த நாட்டில் கேட்க முடியாது.

2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு பி.எம். விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. 18 தொழில்கள். முடிவெட்டுவது, துணி வெளுப்பது, செருப்பு தைப்பது, மண்பாண்டம் செய்வது எல்லாம் பட்டியலில் உண்டு. பயிற்சிக்கு நாளொன்றுக்கு 500 ரூபாய், கருவி வாங்க 15,000 ரூபாய், 5 விழுக்காடு வட்டியில் முதலில் 1 லட்சமும் பிறகு 2 லட்சமும் கடன். குறைந்தபட்ச வயது 18. குடும்ப வழித் தொழிலாக இருக்க வேண்டும்.

18 வயது என்பது கல்லூரிக்கு விண்ணப்பம் போடுகிற வயது. அந்த வயதில் சலவைத் தொழிலாளியின் மகனைக் கூப்பிட்டு, உன் அப்பன் செய்ததைச் செய், வட்டியைக் குறைத்துக்கொள்கிறேன் என்கிறது அரசு. ஒரு வக்கீல் மகனிடமோ புரோகிதர் மகனிடமோ இப்படிக் கேட்க ஒரு திட்டமும் இல்லை. 1953-இல் ராஜாஜி பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் குலத்தொழில் கற்கச் சொன்னார். பெரியாரும் திராவிட இயக்கமும் எதிர்த்தார்கள். 1954-இல் அவர் பதவி விலகினார், காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார். எழுபது ஆண்டு கழித்து அதே சரக்கு கடன் அட்டையோடு வருகிறது.

தமிழ்நாடு அரசு குடும்பத் தொழில் நிபந்தனையை நீக்கச் சொன்னது, வயதை 35 ஆக்கச் சொன்னது. ஒன்றிய அரசு ஏற்காததால், இந்த வடிவில் நடைமுறைப்படுத்த மாட்டோம் என்று 2024 நவம்பரில் முதல்வர் எழுதினார். பிறகு 25 தொழில்களுக்குக் கலைஞர் கைவினைத் திட்டம் வந்தது. குடும்பத் தொழில் நிபந்தனை கிடையாது, 35 வயது நிறைந்திருக்க வேண்டும். சரியான முடிவு. ஏற்கெனவே அந்தத் தொழிலில் இருக்கிறவருக்குக் கடன் கொடுப்பது வேறு, பள்ளி முடித்த பிள்ளையை அதற்குள் தள்ளுவது வேறு.

ஆனால் அதோடு கைதட்டிவிட்டு எழுந்துபோக முடியாது. குலத்தொழிலுக்குப் போகாத அந்த 18 வயதுப் பிள்ளை எங்கே போகிறது? 71 அரசு ஐ.டி.ஐ.க்களை 2,877 கோடி ரூபாயில், டாட்டா டெக்னாலஜிஸோடு சேர்ந்து தொழில்நுட்ப மையங்களாக மாற்றும் வேலை நடந்தது. நல்ல இயந்திரங்கள் வந்தன. இயந்திரத்தைக் கற்றுக்கொண்டு வெளியே வந்த பிறகு, கதவைத் திறப்பவர் தனியார் முதலாளி. அங்கே இடஒதுக்கீடு இல்லை.

சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெலும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு பலருக்குத் தெரிந்திருக்கும். ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, உயர்சாதி இந்துப் பெயருக்கு இருந்ததில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். நம் ஊரில் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதில்லை என்று பெருமைப்படுகிறோம். பெருமைதான். ஆனால் "சொந்த ஊர் எது தம்பி? ஊர்ல எந்தப் பக்கம்?" என்று நேர்காணலில் கேட்டுவிட்டால் முடிந்தது. முகவரியில் காலனி என்று இருந்தால் அந்தக் கேள்விகூடத் தேவையில்லை.

இங்கேதான் நாம் அதிகம் பேசாத ஒரு சட்டம் இருக்கிறது. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனம் கட்டாயம் பழகுநர்களை எடுக்க வேண்டும், பணியாளர் எண்ணிக்கையில் இரண்டரை முதல் 15 விழுக்காடு வரை. அதே சட்டத்தின் 3ஏ பிரிவு, குறிப்பிட்ட தொழில்களில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி இடங்களை ஒதுக்கச் சொல்கிறது. தனியார் நிறுவனத்துக்கும் இது பொருந்தும். தனியார் கோட்டைச் சுவரில் இப்படி ஒரு சந்து இத்தனை காலம் இருந்திருக்கிறது, நம்மில் எத்தனை பேர் அதன் வழியாகப் போனோம்?

ஓட்டைகள் உண்டு. ஒதுக்கிய இடத்துக்கு ஆள் கிடைக்கவில்லை என்று எழுதிவிட்டால் மற்றவர்களைக் கொண்டு நிரப்பலாம். பழகுநரைத் தொழிலாளி என்றே சட்டம் ஒப்புக்கொள்வதில்லை. அதனால் ஆண்டுக்கு ஆண்டு புதுப் பழகுநரை எடுத்து, நிரந்தரத் தொழிலாளி செய்யும் வேலையை அவரிடம் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட வசதியாக இருக்கிறது. பயிற்சி முடிந்தால் வேலை தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இவற்றை மாற்றப் போராட வேண்டும்தான். அதற்கு முன்னால், இருக்கிற பிரிவு நடைமுறையில் இருக்கிறதா என்று பார்ப்போம்.

உங்கள் மாவட்டத் தொழிற்பேட்டையில் எத்தனை நிறுவனங்கள் பழகுநர்களை எடுத்தன, 3ஏ பிரிவில் எத்தனை இடம் ஒதுக்கப்பட்டது, எத்தனை இடம் ஆள் இல்லை என்று மற்றவர்களுக்குப் போனது, பயிற்சி முடித்த பட்டியல் சாதி, பழங்குடி இளைஞர்களில் எத்தனை பேர் அங்கேயே வேலைக்கு எடுக்கப்பட்டார்கள். இந்த நான்கு கேள்விகளையும் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எழுதி வைத்திருக்கிறேன். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். படிவங்கள் வாசல் மேசையில் இருக்கின்றன. மாவட்டத்துக்கு ஒருவராவது பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள். டீ சொல்லியிருக்கிறார்கள், குடித்துக்கொண்டே நிரப்பலாம்.