ஆளற்ற நிலத்தில் மகிழ்ச்சி உண்டா?

(ரேணிகுண்டாவில் தமிழ் பேசும் தோழர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு நிலக்காட்சிப் புகைப்படம் மனிதகுலம் முழுமைக்கும் பொதுவான மகிழ்ச்சியைக் காட்ட வல்லதா என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். கட்சிக் கூட்டத்தில் இதற்கு என்ன இடம் எனச் சிலர் எண்ணக்கூடும். கோடிக்கணக்கான மக்களின் கண்முன் ஆண்டுக்கணக்கில் நின்ற ஒரு படத்துக்கு அரசியல் கிடையாது என்று நாம் விட்டுவிட இயலாது.

அந்தப் படத்தை நீங்கள் அனைவரும் பார்த்திருக்கிறீர்கள். பசும்புல் போர்த்திய சிறு குன்று, மேலே நீலவானம், சில வெண்முகில்கள். 2001இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் வெளியிட்ட விண்டோஸ் எக்ஸ்பி கணினியைத் திறந்தவுடன் தோன்றியது அதுதான். வங்கியிலும் மண்டல அலுவலகத்திலும் மணிக்கணக்கில் வரிசையில் நின்றவர்கள், எழுத்தரின் தோளுக்குப் பின்னால் அந்தக் குன்றைக் கண்டுகொண்டே நின்றார்கள். அதற்கு நிறுவனம் இட்ட பெயர் 'பிளிஸ்'. மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் இச்சொல் எனக்குத் தொல்லை தருவது. மகிழ்ச்சி என்றால் அளவு குறைகிறது. பேரின்பம் என்றால் கோயில் மணம் வந்துவிடுகிறது. களிப்பு என்றால் கள்ளின் நினைவு எழுகிறது. சொல்லே மொழியின் எல்லையைத் தாண்டத் திணறும்போது, படம் மட்டும் எல்லா நாட்டிலும் தடையின்றி நுழைந்தது எப்படி? அதற்குள் எவரும் இல்லை என்பதே காரணம் எனக் கருதுகிறேன்.

அந்தக் குன்று அமெரிக்காவில், கலிபோர்னியாவின் சோனோமா வட்டாரத்தில் இருக்கிறது. சார்லஸ் ஓரியர் என்ற புகைப்படக் கலைஞர் 1996 சனவரியில் நெடுஞ்சாலை வழியே சென்றபோது அதைப் படமெடுத்தார். அது திராட்சை விளையும் பூமி. வேரை அரிக்கும் ஒருவகைப் பூச்சி தாக்கியதால் கொடிகள் பிடுங்கப்பட்டிருந்தன. அந்த இடைவேளையில், குளிர்கால மழைக்குப் பின் புல் முளைத்திருந்தது. பேரின்பம் என உலகுக்குக் காட்டப்பட்டது பயிர் அழிந்த ஒரு தோட்டம். பின்னர் அங்கே மீண்டும் திராட்சை நடப்பட்டது. அதே கலிபோர்னியாவின் டெலானோவில் 1965இல் பிலிப்பினோ, மெக்சிகத் தொழிலாளர்கள் தொடங்கிய திராட்சைத் தோட்ட வேலைநிறுத்தம் ஐந்தாண்டுகள் நீடித்தது. கொடி இருந்தால் கொடியைக் கட்டும் கையும் கூலிக் கணக்கும் படத்துக்குள் வந்துவிடும். கொடி இல்லாத நிலமே யாவருக்கும் பொதுவான மகிழ்ச்சியாக விலைபோயிற்று.

இது புதிய தந்திரமும் அன்று. 1750ஐ ஒட்டி இங்கிலாந்தில் கெயின்ஸ்பரோ தீட்டிய ஆண்ட்ரூஸ் தம்பதியரின் ஓவியத்தில் அறுத்துக் கட்டிய கதிர்க்கட்டுகள் வரிசையாக நிற்கின்றன. அறுத்தவர் ஒருவரும் இல்லர். அவ்வோவியத்தில் தெரிவது நிலவுடைமையாளரின் இன்பம் என்று ஜான் பெர்ஜர் 1972இல் விளக்கினார்.

தமிழ் மரபு இதை வேறு வகையில் அணுகியது. தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். உணர்வை உரிப்பொருள் என்றார். இவ்விரண்டுக்கும் நடுவே கருப்பொருளை வைத்தார். உணவு, விலங்கு, மரம், பறவை, பறை என்பவற்றோடு மக்கள் செய்யும் தொழிலும் அதில் அடங்கும். நிலம் தானாக உணர்வைப் பிறப்பிப்பதில்லை. அங்கு வாழ்வோர் உண்பதும் உழைப்பதும் வழியாகவே அது உணர்வாகிறது. இதைப் பொருள்முதல்வாதம் என்று நான் முத்திரை குத்த மாட்டேன். நம்மவர் சிலருக்கு அந்த ஆசை உண்டு. ஆயினும், முதற்பொருளை மட்டும் சட்டமிட்டுக் காட்டி உரிப்பொருள் எனப் பெயரிடும் விளம்பரத்தை மறுக்க இந்த இலக்கணம் போதும். மெய்ப்பாட்டியலில் உவகைக்குரிய நிலைக்களன்களாகச் செல்வத்தையும் அறிவையும் கூடலையும் விளையாட்டையும் அவர் கூறுகிறார். அந்த நான்கில் இயற்கைக் காட்சி இல்லை.

இனி நாம் அமர்ந்திருக்கும் ஊருக்கு வருவோம். ரேணிகுண்டா சந்திப்பில் இறங்குவோர் கண்ணில் படுவது சேசாசலத் தொடர். தொல்காப்பியப் பாயிரம் தமிழின் வட எல்லையாகக் கூறும் வேங்கடம் இதுவே. மூடுபனி படர்ந்த அதிகாலையில் இதைப் படமெடுத்து 'அமைதி' என்று தலைப்பிடுவது எளிது, பலரும் செய்கிறார்கள். சங்கப் பாடல்களிலோ, மாமூலனார் போன்றோரிடத்தில், வேங்கடம் பாலைத்திணைக்கு உரிய வழி. பொருள் தேடிப் பிரிந்த ஆண்மகன் கடந்து செல்லும் மலை; அவன் திரும்புவானா என்று ஊரில் ஒருத்தி நாளெண்ணும் மலை.

2015 ஏப்ரல் 7 அன்று, இம்மலைத் தொடரில் சந்திரகிரியை அடுத்த காட்டுப் பகுதியில், தமிழ்நாட்டிலிருந்து வந்த 20 தொழிலாளர்களை ஆந்திரக் காவல்துறையின் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை சுட்டுக் கொன்றது. திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டங்களைச் சேர்ந்த அவர்களில் மலைவாழ் பழங்குடியினரும் இருந்தனர். தற்காப்புக்காகச் சுட்டதாகக் காவல்துறை கூறியது. பேருந்திலிருந்து பிடித்துச் செல்லப்பட்டார்கள் என்று தப்பி வந்தோர் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் சாட்சி கூறினர். வெட்டிய மரம் போய்ச் சேரும் இடம் சீனா முதலிய நாடுகளின் சந்தை. அதில் கொழுத்த பெருவணிகர் எவரும் அன்று அந்தக் காட்டில் விழுந்து கிடக்கவில்லை. உடல்களும் அருகில் செம்மரக் கட்டைகளுமாக அன்று நாளேடுகளில் வந்த படங்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதுவும் சேசாசலத்தின் புகைப்படமே. பனிமூடிய படமும் இந்தப் படமும் ஒரே மலையை எடுத்தவை. கூலிக்காக மலையேறிய கணவனை இழந்த பெண்ணிடம் முதல் படத்தை நீட்டி, இது எல்லோருக்கும் பொதுவான மகிழ்ச்சி என்று சொல்லத் துணிபவர் யார்?

இதனால் நிலக்காட்சியை விரும்புவோரை ஏளனம் செய்யலாம் என்று பொருளில்லை. நம் ஊரைச் சுற்றிய தொழிற்சாலைகளில் கைப்பேசிகளைப் பொருத்துகிறார்கள் இளம்பெண்கள். இரவுப்பணி முடித்து வரும் ஒருவர் தம் கைப்பேசித் திரையில் ஒரு பசுங்குன்றை வைத்திருக்கலாம். சமயத்தைப் பற்றி 1844இல் மார்க்ஸ் எழுதியதில் அபினி என்ற ஒரு சொல்லையே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். மெய்யான துன்பத்தின் வெளிப்பாடாகவும் அத்துன்பத்துக்கு எதிர்ப்பாகவும் அவர் சமயத்தைக் கண்டார். அந்தப் பெண்ணின் திரையிலுள்ள குன்றும் அத்தகையதே. அவர் வேண்டுவது கலிபோர்னியாவை அன்று. உறக்கத்தை, ஒரு நாள் ஓய்வை, யாரும் மேற்பார்க்காத ஒரு மணி நேரத்தை. தொல்காப்பியர் சொன்ன விளையாட்டுக்கும் முதலில் நேரம் வேண்டும் அல்லவா? எட்டு மணி நேர வேலைக் கோரிக்கைக்குள் அந்தக் குன்றும் இருக்கிறது.

நம் தரப்புப் படங்களும் விதிவிலக்கல்ல. 'சோவியத் நாடு' இதழின் வழவழப்பான தாளில் பாடநூலுக்கு அட்டை போட்ட தலைமுறை இங்கே உண்டு. அடிவானம் வரை விரிந்த கோதுமை வயலும் சில வேளைகளில் ஆளற்ற குன்றைப் போலவே நம்மை மயக்கியது.

கட்சியின் 'மக்கள் யுத்தம்' ஏட்டுக்காக 1943இல் வங்கப் பஞ்சத்தைப் படமெடுத்த சுனில் ஜானாவின் வழி வேறு. தோழர் பி.சி. ஜோஷியுடனும் ஓவியர் சித்தபிரசாத்துடனும் பஞ்சம் தாக்கிய ஊர்களுக்கு அவர் சென்றார். பிற்காலத்தில் உழவர்களையும் சுரங்கத் தொழிலாளர்களையும் பழங்குடியினரையும் எடுத்தார், சிரிப்பவர்களையும் எடுத்தார். அங்கே சிரிப்பவர் யார், எந்த நிலத்தில் நிற்கிறார் என்பது நமக்குத் தெரிகிறது.

நமது ஏட்டுக்குக் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பும் இளந்தோழர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள். மலையை எடுங்கள், ஏரியை எடுங்கள், ரயில்நிலையத்து அந்தி வானத்தையும் எடுங்கள். அந்த நிலம் யாருடைய பெயரில் இருக்கிறது, அதில் வேலை செய்பவர் யார், அவருக்கு என்ன கூலி என்ற மூன்றையும் விசாரித்து, படத்தோடு எழுதி அனுப்புங்கள்.