பத்திரிகையில் ஓர் 'அடி'



நாம் தினந்தோறும் வாசிக்கும் பத்திரிகைகளில் 'அடி' என்னும் சிறு சொல் எத்தனை வேஷம் பூணுகின்றதென்பதைச் சற்றே கவனிப்போமாக. 1934-ல் கட்டி முடிந்த மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி என்னுமிடத்து அஃது அளவு. முல்லைப் பெரியாற்றில் 142 அடி வரை நீர் தேக்கலாமென்று 2014-ல் சுப்ரீம் கோர்ட்டார் தீர்ப்பளித்தபோது, இரு மாநிலத்தாரின் நெடுநாள் வழக்கே அவ்வளவின்பேரில் நின்றது. மந்திரியார் நாட்டுவது அடிக்கல். கிரிக்கெட் வீரர் சதம் அடிக்கின்றார். திருடரோ கொள்ளை அடிக்கின்றனர். பதவிக்கு ஒருவர் பெயர் 'அடிபடுகிறது' என்றால் அவருக்குக் காயமில்லை, களிப்பே!

இவை கிடக்க. நம்மை உறுத்துவது, 'லேசான தடியடி நடத்தப்பட்டது' என்னும் வாசகம். நடத்துவது விவாகமும் உற்சவமுமன்றோ? 'அடித்தனர்' என்னும் வினை இவ்வாறு பெயராய்ச் சுருங்கவே, அடித்த கையும் அடிபட்ட முதுகும் வாக்கியத்தினின்று மறைந்துவிடுகின்றன. லேசென்று நிறுத்தளந்தவர் யாவர்? அடி வாங்கியவர் அச்சொல்லை உரைத்திருப்பாரென்று நமக்குத் தோன்றவில்லை.

நம் வீட்டுச் சிறுவன் ஒருவன் அவ்வரியை உரக்கப் படித்துவிட்டு, "யார் அடித்தார்கள்? யாரை?" என வினவினான். பத்திரிகையை இருமுறை புரட்டினோம்; விடை அகப்படவில்லை.