திண்ணையில் என் மாமனார்



என் மாமனார் நெய்வேலி பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துல வேலை பார்த்தவர். 1957-ல தோண்ட ஆரம்பிச்ச திறந்தவெளிச் சுரங்கம் அது. பெரிய சக்கர மெஷின் வெட்டிப் போடுற மண்ணும் கரியும் பெல்ட்டுல ஓடும்; அந்தப் பெல்ட்டுப் பக்கம் மூணு ஷிப்டும் மாறி மாறி நின்னார். நைட் ஷிப்டு முடிஞ்சு வந்தாலும் உடனே படுக்க மாட்டார். முதியோர் பென்ஷனுக்கு மனு எழுதி வாங்க, திண்ணையில ஊர்ச்சனம் காத்திருக்கும்.

குழுவுல என்னைக் கணக்கு எழுதக் கூப்பிட்டப்ப, தப்பு வந்தா ஊர் பேசுமேன்னு பயந்தேன். “மேல மூடியிருக்கிற மண்ணை அள்ளினாத்தாம்மா கரி தெரியும். பத்தாவது படிச்சிருக்க, எழுது”ன்னார்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி தவறிட்டார். இப்ப அதே திண்ணையில நான்தான் மனு எழுதித் தர்றேன்.