பரிஸ் பாணும் வன்னிப் போறணையும்

வன்னியில் பாண் வாங்காத வீட்டைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். பிரான்சில் சொந்தக்காரர் ஒருவராவது இல்லாத ஊரும் அப்படித்தான். 2023 மே மாதம் இந்த இரண்டும் ஒரே செய்தியில் வந்தன. பரிஸ் நகரில் அந்த ஆண்டின் மிகச் சிறந்த பகெத் பாணைச் சுட்டவர் தர்ஷன் செல்வராஜா என்று அந்நகரத்து மாநகரசபை அறிவித்தது. அவர் 2006இல் பிரான்சுக்குப் போன இலங்கைத் தமிழர். நகரின் 20ஆம் வட்டாரத்தில், பிரெனே வீதியில் அவருடைய வெதுப்பகம் இருக்கிறது. பரிசுப் பணம் 4,000 யூரோ. அதைவிடப் பெரிய பரிசு, பிரெஞ்சு ஜனாதிபதியின் எலிசே மாளிகைக்கு ஓராண்டு காலம் பாண் கொடுக்கும் பொறுப்பு. அடுத்த ஆண்டு பரிஸ் ஒலிம்பிக் சுடரை ஏந்தியவர்களிலும் அவர் ஒருவர்.

அந்த நாட்களில் எங்கள் பத்திரிகைகள் பெருமையைப் பற்றி நிறைய எழுதின. தொழிலைப் பற்றி எழுதியது குறைவு. இந்த உரை தொழிலைப் பற்றியது.

அந்நிய நாட்டில் கடை திறக்கிறவர் வழக்கமாகத் தன் ஊர்ச் சாப்பாட்டைத்தான் விற்பார். தமிழ்க் கடைகள் நிறைந்த பரிஸ் லாச்சப்பலில் இறங்கி நடந்தால் இடியப்பமும் கொத்து ரொட்டியும் மசாலைத் தோசையும் கண்ணாடிக்குள் தெரியும். அந்தக் கடையில் முதலாளியின் வாக்கே தீர்ப்பு. சம்பல் இப்படித்தான் இருக்கும் என்று அவர் சொன்னால் பிரெஞ்சுக்காரர் மறுபேச்சில்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போவார். ஆனால் பிரெஞ்சுக்காரருக்கு அவருடைய பாணையே சுட்டு விற்பது வேறு விளையாட்டு. நெடுங்கேணிச் சந்தியில் ஒரு பிரெஞ்சுக்காரர் கடை போட்டு, எங்களுக்குப் புட்டு அவித்து விற்பதை நினைத்துப் பாருங்கள். மா கொஞ்சம் ஈரமாக இருந்தாலே வாங்க வந்த கிழவிமார் அவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள்.

அந்த இடத்தில் ஒரு வெளிநாட்டவர் எப்படி நின்று பிடிக்கிறார்? கைராசி, கடின உழைப்பு என்றெல்லாம் சொல்லிவிடலாம். உழைப்பு இல்லாமல் எதுவும் நடக்காதுதான். ஆனால் இன்னொரு காரணமும் உண்டு, அதை யாரும் அதிகம் சொல்வதில்லை: பிரெஞ்சு அரசு பாணுக்கு எழுதிவைத்திருக்கும் கறாரான சட்டம். பார்த்தால் வேலி போலத் தெரியும் அந்தச் சட்டம் வெளியாருக்குப் படலையாகவும் இருந்திருக்கிறது.

பிரான்சில் உணவகம் திறக்கச் சமையல் சான்றிதழ் கட்டாயம் இல்லை. சுகாதாரப் பயிற்சி, மதுபானம் விற்பதென்றால் அதற்கான அனுமதி, இப்படிச் சில கடதாசிகள் போதும். வெதுப்பகத்துக்கு அது போதாது. 1996இல் வந்த சட்டத்தின்படி வெதுப்புத் தொழிலில் தகுதிச் சான்றிதழ் இருக்க வேண்டும், அல்லது மூன்று ஆண்டு தொழில் அனுபவம் இருக்க வேண்டும். 1998இன் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. மாக் குழைப்பது, உருட்டுவது, சுடுவது எல்லாம் விற்கும் இடத்திலேயே நடந்தால்தான் கடை வாசலில் 'பூலாஞ்சரி' என்ற பெயர்ப்பலகையைப் போடலாம். உறையவைத்த மாவைத் தொழிற்சாலையில் வாங்கிச் சூடாக்கி விற்கிறவர் அந்தப் பெயரைத் தொடக்கூடாது.

அந்த மூன்று ஆண்டு என்ற வரியைக் கவனியுங்கள். மொழி தெரியாமல் போய் இறங்கியவர் முதலில் நுழைவது சமையலறையின் பின்கதவால். கோப்பை கழுவுவது, மரக்கறி வெட்டுவது, பிறகு மெல்ல அடுப்படிக்கு வருவது. எழுத்தாளர் ஷோபாசக்திகூடப் பிரான்சில் கோப்பை கழுவி, சமையல் வேலையும் பார்த்தவர்தான். பரிஸ் உணவகங்களில் மேசைக்கு வரும் மாட்டிறைச்சித் துண்டையும் வெங்காய சூப்பையும் ஆக்கிய கை பல நேரம் தமிழ்க் கை. சாப்பிடுகிறவருக்கு அது தெரியாது. வெதுப்பகத்தில் விடியப்புறம் மூன்று, நான்கு மணிக்கே வேலை தொடங்கும். அந்த நேரத்துக்கு எழும்ப உள்ளூர் இளைஞர் பலருக்கு விருப்பமில்லை. எழும்பிய வெளிநாட்டவருக்கு அனுபவம் சேர்ந்தது, அந்த அனுபவத்தைச் சட்டம் ஒரு தகுதியாக ஏற்றுக்கொண்டது.

பணம்? பிரான்சில் அதற்கும் பழைய வழியொன்று இருக்கிறது. கடையை வாங்க வங்கியில் கடன் எடுக்கும் வெதுப்பகக்காரருக்கு மா ஆலைக்காரரே பிணை நிற்பார். பதிலுக்குக் குறித்த காலத்துக்கு அவரிடமே மா வாங்க வேண்டும். எங்களவர் இதோடு சீட்டுப் பணத்தையும் சேர்த்துக்கொள்வார்கள். ஆலைக்காரருக்கு இரக்கம் என்று நினைக்க வேண்டாம். தினம் ஆயிரம் பகெத் விற்கும் கடை அவருக்கு நல்ல வாடிக்கை, அவ்வளவுதான்.

இனி அந்தப் பாணுக்குள் போவோம். 1993 செப்ரெம்பர் 13இல் பிரெஞ்சு அரசு வெளியிட்ட ஆணைப்படி 'மரபுப் பாண்' என்று விற்பதில் கோதுமை மா, தண்ணீர், உப்பு, புளிக்கவைக்க ஈஸ்ற் அல்லது புளித்த மா, இவைதான் அடிப்படையாக இருக்க வேண்டும். சேர்மானப் பொருட்களுக்கு இடமில்லை, எந்தக் கட்டத்திலும் உறையவைக்கவும் கூடாது. இந்த ஆணைக்கு ஒரு பின்கதை உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வேகமாகச் சுழலும் குழைக்கும் இயந்திரங்கள் வந்தன. மாவை அடித்து அடித்துக் குழைத்தால் பாண் பஞ்சுபோல் ஊதும், வெள்ளைவெளேரென்று இருக்கும். மக்களுக்கும் அது பிடித்துப்போனது. ரேமோன் கால்வெல் என்ற வெதுப்பு ஆசிரியர் மட்டும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்: இப்படி அடிக்கும்போது காற்றுப் பட்டு மாவின் இளமஞ்சள் நிறம் போகிறது, நிறத்தோடு ருசியும் போகிறது. முதலில் மாவையும் தண்ணீரையும் மட்டும் கலந்து சற்றுநேரம் சும்மா வைத்துவிடு, அது தானாக இளகும், பிறகு கொஞ்சமாகக் குழைத்தால் போதும் என்பது அவர் காட்டிய வழி.

நல்ல பகெத்தை உடைத்துப் பார்த்தால் இது விளங்கும். உள்ளே பால்வெள்ளை இல்லை, வெண்ணெயின் நிறம். ஓட்டைகள் ஒழுங்கில்லாமல் சிறிதும் பெரிதுமாக இருக்கும். மேலே சவர அலகால் சரிவாகக் கீறிய இடங்களில் தோல் நிமிர்ந்து, ஓரம் கருகத் தொடங்கியிருக்கும். போறணைக்குள் 250 பாகை செல்சியஸ் அளவு சூடு. பாணை உள்ளே தள்ளிய கணத்தில் நீராவியையும் விடுவார்கள். நீராவி தோலை உடனே காயவிடாது, பாண் நன்றாக உப்பி முடியும்வரை அது இளகி நிற்கும், பிறகுதான் இறுகி நொறுநொறுப்பாகும்.

தர்ஷன் வென்ற பகெத் போட்டியிலும் இதே கறார்தான். 1994இல் தொடங்கிய போட்டி. பாண் 250 கிராமுக்குக் குறையக்கூடாது. ஒரு கிலோ மாவுக்கு 18 கிராமுக்கு மேல் உப்புப் போடக்கூடாது. சுட்டது யார் என்று நடுவர்களுக்குத் தெரியாது, பாணில் இலக்கம் மட்டும்தான். நடுவர்களுக்குள் தொழில்காரரும் உண்டு, சீட்டுக் குலுக்கித் தெரிவான சாதாரண நகரவாசிகளும் உண்டு. தோற்றம், வேக்காடு, உள்சதை, மணம், ருசி ஆகியவற்றுக்குப் புள்ளி. முகமும் பெயரும் பேச்சுவழக்கும் தெரியாத இடத்தில் வெளிநாட்டவர் வெல்வது ஆச்சரியமில்லை. செனகலில் பிறந்த ஜிப்ரில் போடியான் 2010இலும் 2015இலும் வென்றார். துனிசியாவிலிருந்து வந்த ரிதா காதர் 2013இலும் மக்ராம் அக்ரூ 2021இலும் வென்றார்கள். பகெத் செய்யும் கலையை 2022 நவம்பரில் யுனெஸ்கோ மானிடத்தின் மரபுரிமையாகப் பதிவுசெய்து ஆறு மாதம் ஆகவில்லை, அந்த மரபுரிமையின் முதல் இடம் எங்களவர் கைக்கு வந்துவிட்டது.

இதில் ஒரு நெருடலும் உண்டு. தர்ஷனின் பாணில் யாழ்ப்பாணத்து வாசமோ இலங்கைக் கறுவாவோ கிடையாது, இருக்கவும் முடியாது. தன் அடையாளத்தைப் பாணில் காட்ட அங்கே இடமே இல்லை. சிலருக்கு அது இழப்பாகத் தெரியலாம். ஆனால் கர்நாடக இசை பாட வந்த வெளிநாட்டவரிடம் முதலில் சுருதி சுத்தத்தைத்தானே கேட்கிறோம்?

இப்போது வன்னிக்கு வருவோம். இங்கே ஐரோப்பியப் பாணி வெதுப்பகம் ஒன்றைத் திறந்தால் என்ன என்று வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் கேட்பதுண்டு. கேள்வி நல்லது. முதல் சிக்கல் சூடு. பரிஸ் வெதுப்பகத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. மாவின் வெப்பம், அறையின் வெப்பம், தண்ணீரின் வெப்பம் மூன்றையும் கூட்டினால் ஒரு குறித்த எண் வரவேண்டும். உதாரணமாக 56 என்று வையுங்கள். அறையும் மாவும் 20, 20 என்றால் தண்ணீர் 16 பாகையில் இருக்க வேண்டும். கிளிநொச்சியில் சித்திரை மத்தியானம் அறை 33, மா 32 என்றால் கூட்டுத்தொகை ஏற்கெனவே 65. தண்ணீர் உறைநிலைக்குக் கீழே ஒன்பது பாகையில் இருக்க வேண்டும் என்று கணக்குச் சொல்லும்! ஆகவே ஐஸ் போட்டுத்தான் குழைக்க வேண்டும், இரவு முழுவதும் குளிரறையில் வைத்து மெல்லப் புளிக்கவிட வேண்டும். பகெத்தின் ருசி அந்த மெல்லப் புளிப்பதில்தான் பிறக்கிறது. மின்சாரக் கட்டணத்தை எண்ணிப் பார்க்கிற முதலாளி இந்த இடத்திலேயே பின்வாங்குவார். மாரிகாலத்து ஈரக்காற்று வேறு, மொறுமொறுத்த தோலை மாலைக்குள் இளக்கிவிடும்.

இரண்டாவது, எங்கள் பாணைக் குறைவாக நினைக்கும் பழக்கம். பகெத் தோலுக்காகச் சாப்பிடும் பாண். வெண்ணெய்க்கும் பாற்கட்டிக்கும் அது சரி. பருப்புக் கறியில் தோய்க்க அது உதவாது, கறி ஓட்டைக்குள்ளால் ஒழுகிவிடும். அச்சுப் பாணின் மெத்தென்ற சதை கறியை உறிஞ்சி நிற்கும், எங்களுக்கு வேண்டியதும் அதுதான். பின்னேரம் ஒழுங்கைக்குள் முச்சக்கரவண்டி பீத்தோவனின் 'எலீஸுக்காக' மெட்டைப் பாடிக்கொண்டு வரும்போது ஓடிப்போய் வாங்கும் ஒரு றாத்தல் பாணுக்கு அதற்கென்று ஒரு நியாயம் இருக்கிறது. வன்னியில் மிக அதிகம் கேட்கப்படும் ஐரோப்பிய இசையும் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் எங்கள் பாணில் குறையும் உண்டு. 2024இல் இலங்கை அரசு விதித்த கட்டுப்பாடு எடையைப் பற்றியது: ஒரு பாண் 450 கிராம், அரைப் பாண் 225 கிராம். எவ்வளவு நேரம் புளிக்கவிட வேண்டும் என்றோ எதைச் சேர்க்கக்கூடாது என்றோ அந்தக் கட்டுப்பாடு சொல்வதில்லை. காலையில் வாங்கிய பாண் மாலையில் உதிர்வதும், வாயில் ருசியில்லாமல் சப்பென்று கிடப்பதும் அவசரமாக ஊதவைத்ததன் பலன். திருகோணமலை ஆலையில் அரைத்து வரும் மாவைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, அது நல்ல பாணுக்குப் போதும்.

வெளிநாட்டு அனுபவத்தோடு வருகிறவர் கண்ணாடி அறையும் குளிரூட்டியும் வைத்துக் குறுவாசோன் விற்கத் தொடங்குவதைவிட, றோஸ் பாணிலிருந்து தொடங்கலாம். அச்சில்லாமல், தளத்தில் நேரே வைத்துச் சுடும் அந்தப் பாண் பகெத்துக்கு மிகவும் கிட்டிய உறவு. விறகுப் போறணை எரிந்த பிறகு தளக்கல்லில் தேங்கும் சூடு அதற்கு அளவெடுத்தாற்போல் பொருந்தும். மாலையில் மாவைக் கலந்து, ஈஸ்ற்றைக் கால்வாசியாகக் குறைத்து, இருக்கிற குளிர்சாதனப் பெட்டியில் ஒரு தட்டை மட்டும் இரவு முழுக்க வைத்துப் பார்க்கலாம். செலவு அதிகமில்லை. காலையில் அதைச் சுட்டு, வழக்கமான பாணுக்குப் பக்கத்தில் வைத்து, விலை ஐந்து பத்து ரூபாய் கூட்டிப் போட்டால் எது முதலில் முடிகிறது என்று பரந்தன் சந்திக் கடைக்காரரே சொல்லிவிடுவார்.